சிவப்பு இல்லாத திரை

புதிய திரையை முதன்முதலாகப் பார்த்தபோது லொரைனுக்குக் குளியலறை ஓடு விற்கும் கடைக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. அத்தனை பளபளப்பு. திரைக்குள் திறக்கும் சன்னல்களின் மூலைகள் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று கண்ணாடித்தாளாய் மிதந்தன. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகருக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறையின் கட்டுப்பாட்டு அறையில் அவள் தலை நரைத்துப்போகும்வரை உட்கார்ந்தாயிற்று. பழைய கணினி அசிங்கம்தான். சாம்பல் நிறம், கட்டம் கட்டமாய். ஆனால் பூட்டிய கதவு சிவப்பு, திறந்த கதவு பச்சை. நேராகப் பார்க்கக்கூட வேண்டாம், ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும். இப்போது இரண்டும் நீலம். ஒன்று சற்று வெளிர்.

"எப்படி இருக்கு?" என்று பின்னால் வந்து நின்றான் ஜாரட், அவளுடைய மேற்பார்வையாளன். அவள் மகன் வயதுதான் இருக்கும்.

"அழகாத்தான் இருக்கு. கதவெல்லாம் எங்க?"

"மவுஸ ஓரத்துக்குக் கொண்டு போ, தானா எழும்பி வரும். சிவப்பு மனுஷனப் பதட்டப்படுத்துதாம், அதான் எடுத்துட்டாங்க."

"ஜெயில்ல பதட்டப்படாம வேற எங்கடா படுறது?"

"பழகிடும் கிழவி," என்று சிரித்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் மேசை ஒன்று கவிழ்ந்தது. கேமராவில் சத்தம் வராது. ஷேன் மர்டக், போன வாரம் வந்த கைதிப் பையன், தட்டால் ஒருவன் முகத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான். தட்டு உடைந்ததும் அதன் சில்லாலேயே குத்தினான். விலக்கப் போன காவலர் டவிட்டாவின் கழுத்தோரம் கிழிந்தது. சமோவாக்காரர், ஆறடி ஆள். ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்து வாசலுக்கு வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"லொரைன், கதவு!" வயர்லெஸ்ஸில் அவர் குரல் கொழகொழத்தது. "கதவத் தொற!"

அவள் மவுஸை ஓரத்துக்குத் தள்ளினாள். கதவுகளின் பட்டை அவசரமே இல்லாமல் எழும்பி வந்தது. நீலம், நீலம், நீலம். கூடத்தின் கதவைக் கண்டுபிடித்து அழுத்தினாள். திரை மங்கி, நடுவில் ஒரு கேள்வி மலர்ந்தது: நிச்சயமாகவா? அவள் விரல் பழக்கப்படி வலப்பக்கப் பொத்தானை அழுத்தியது. இத்தனை வருடமும் 'ஆம்' இருந்த இடம், இப்போது அங்கே 'இல்லை'. கேள்வி மறைந்தது. கதவு அசையவில்லை. டவிட்டா அதில் முதுகைச் சாய்த்தபடி சரிவது தெரிந்தது. அவர் விலாவில் யாரோ உதைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ பாரு!" என்று மவுஸை ஜாரட்டிடம் எறிந்தாள். அவனும் தேடினான். அவனுக்கும் அகப்படவில்லை.

கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதுதான் அந்த வேலையின் முதல் விதி. லொரைன் அவசரச் சாவி இருந்த சுவர்ப்பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூடத்தின் இரும்புக் கதவு நடைபாதைப் பக்கமாகத் திறந்ததும் டவிட்டா அவள் காலடியில் மூட்டைபோல விழுந்தார். சட்டைக் காலரைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள். அந்த இடைவெளியில் சில்லோடு ஒரு கை நீண்டு வந்து அவள் கன்னத்தைக் கீறியது. அவள் முழு உடம்பையும் கதவில் மோதினாள்.

எலும்பு நொறுங்கும் சத்தம். சில்லு வெளியே விழுந்தது. கை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது.

ஜாரட் ஓடி வந்தான். "விடு லொரைன்! சில்லு விழுந்துடுச்சு. கொஞ்சம் விடு, அவன் கைய எடுத்துக்கட்டும்!"

அவளுக்குக் கேட்டது. காலடியில் டவிட்டா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கதவின் சிறு கண்ணாடிக்கு அப்பால் ஷேனின் முகம். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். அவன் கத்தக் கத்தக் கண்ணாடியில் மூச்சு படிந்து வெளுத்தது. லொரைன் குதிகாலைத் தரையில் ஊன்றி, தோளை இன்னும் அழுத்தமாகக் கதவில் சாய்த்தாள்.