தலைவர் பெயரில் ஒரு பாலம்

என் அக்கா உயிரின் விலை நானூறு ஓட்டு. அதில் ஒன்றுகூடத் தள்ளுபடி கிடையாது.

அக்காவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கால்வாய். அதன்மேல் இரண்டு பலகை. ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். நானும் மாமாவும் அக்காவை நாற்காலியோடு தூக்கிப்போவோம். போன வாரம் மாமாவுக்குக் கால் இடறி, ஒரு பலகை தண்ணீரோடு போனது. அக்கா போகாதது அவள் ஆயுசு கெட்டி.

வரிப்பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று மக்களே முடிவுசெய்ய நகராட்சி ஒரு இணையதளம் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கோரிக்கை போடலாம்; போனிலேயே ஓட்டு. கெடுவுக்குள் நானூறு விழுந்தால் நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டு வேலையை நடத்தியே தீரவேண்டும். பாலம் கேட்டு நான்தான் போட்டேன். ஜவுளிக்கடைக்காரன் புத்தி, எதிராளியைக் குளிரவைத்தால் பேரம் படியும் என்று தலைப்பிலேயே அப்போதைய தலைவர் பெயரைச் சேர்த்தேன். ஓட்டு நானூறைத் தாண்டியது. தேர்தல் வந்தது. தலைவர் தோற்றார்.

புதிய தலைவர் அறையில் சோபா பழசு, சிரிப்பு மட்டும் புதுசு.

"வாங்க முதலாளி. பாலத்துக்கு நான் குறுக்க நிப்பேனா? ஆனா அந்தாள் பேர்ல நான் எப்படிக் கட்டுறது?"

"உங்க பேரையே வெச்சிடறேங்க."

"சேச்சே, எனக்கெதுக்கு அதெல்லாம்!" என்றவர், தன் இனிஷியலை மறக்காமல் சொன்னார்.

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் தலையில் கைவைத்தாள். "தலைப்பை மாத்தினா ஓட்டெல்லாம் பூஜ்யமாயிடும்ணா. யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கோம். இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு வேற."

"தெருவே என் பேச்சைக் கேக்கும். மாத்தும்மா."

மாற்றினாள். முதலில் என் வீட்டில் மூன்று ஓட்டு. பக்கத்து வீட்டம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "ஓடிபி வரலையே தம்பி." அடுத்த வீட்டிலும் வரவில்லை. தெரு முழுக்க ஆட்கள் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஓடிபி அனுப்பற எஸ்எம்எஸ் பேக் இப்பத்தான் தீர்ந்துபோச்சுண்ணா. புதுசு வாங்கற ஃபைல் தலைவர் மேஜைல ஒரு மாசமா கெடக்கு. நிறுத்துன்னும் சொல்ல மாட்டேங்கறார், கையெழுத்தும் போட மாட்டேங்கறார்."

"பழைய பேரையே திரும்பப் போட்டுடு, உன் கால்ல விழறேன்!"

"அதுக்கும் பூஜ்யம்தாண்ணா."

நகராட்சிக்கு ஓடினேன். தலைவர் வெளியூர் என்றான் வாசல்காரன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த வெளியூரே டீ குடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன், கத்தினேன், கைகூப்பினேன். ஒரு முறை நிமிர்ந்து சிரித்தார். ஐந்து மணிக்குத் தளம் மூடியது.

"நாளைக்கு எப்படிடா போறது?" என்றாள் அக்கா. மாமா கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பெயருக்கு விழுந்தது நானூற்றுப் பன்னிரண்டு, செல்லாது. புதிய பெயருக்கு மூன்று. நிலுவை முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. கைவசம், பலகை ஒன்று.