வகியெம் வீட்டில் மட்டும் செத்த கோழி

அந்த வாரம் தெருவே ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை, எல்லாரும் மரியாதையாக ‘பாக்’ என்று கூப்பிடும் வட்டாரத் தலைவர் சுத்திக்னோ வீட்டில் ஸ்லாமத்தான் என்ற நன்றி விருந்து. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு முர்த்தினி வீட்டில். மகனுடைய மோட்டார்சைக்கிளுக்கு நம்பர் வந்ததாம். புதன்கிழமை ஒருத்தன், கூரையில் நாலு ஓடு மாற்றியதற்கே அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, ஓதி, சோறு போட்டான். எல்லா விருந்திலும் முழுக்கோழி. ஒன்றல்ல, நாலு, ஐந்து.

வகியெமுக்குத் தெரியாதா என்ன! தெருக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்திருந்தது. காலையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு நிற்கிற கோழி சாயங்காலம் வரை தாங்காது. தானாகச் செத்தால் தின்னக் கூடாது. மூச்சிருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிட்டால் கறி. அத்தனை கறிக்கு ஒரு விசேஷம் வேண்டும், அவ்வளவுதான்.

அவளிடம் இருந்தது ஒரே பெட்டை; பேர் ப்ளோரோக். உடம்பெல்லாம் புள்ளி. போன மழைக்காலத்தில் பன்னிரண்டு கோழி போய் மிஞ்சினது. இப்போது பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்திருந்தது. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் அதோடுதான். இது ஒன்றைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று கூண்டைச் சுற்றி வலை கட்டினாள். நோய் காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமென்று விருந்து நடந்த எந்த வீட்டுப் பக்கமும் போகவில்லை.

செவ்வாய் சாயங்காலமே முர்த்தினி சோற்றுக்கூடையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். மூத்தவளை மரியாதையாக ‘இபு’ என்றுதான் கூப்பிட்டாள்.

"என்ன இபு, விருந்துக்கு ஆளையே காணோம்? எங்க வீட்டுச் சோறு கசக்குதா?"

"முழங்கால் வலி, முர்த்தினி."

"நேத்து சந்தைக்கு அந்த முழங்கால் நல்லாத்தானே போச்சு!"

ஓதிக் கொடுத்த சோற்றை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காலத்துக்கும் பேச்சு. வாங்கிக்கொண்டாள். தின்ன வாய் வரவில்லை, குப்பையில் கொட்டக் கையும் வரவில்லை. கறியைப் பூனைக்குப் போட்டாள். வெறும் சோறு என்ன செய்துவிடும்? கூடையோடு கொண்டுபோய் ப்ளோரோக் முன்னால் வைத்தாள். அடைக்கோழிக்குச் சத்து வேண்டும், பாருங்கள்.

ஆறாம் நாள் ப்ளோரோக் கழுத்தை முறுக்கியது. பதறிப்போய்க் கூண்டுக்குள் கிடந்த கூடையை எடுத்து, வாழையிலையை விலக்கிப் பார்த்தாள். அடியில் காய்ந்த எச்சம், ஒட்டிக்கொண்ட இறகு. தினம் ஒரு விருந்தென்றால் கூடைக்கு எங்கே போவது? காலையில் குடலும் இறகும் அள்ளிக் கொட்டின கூடையில்தான் சாயங்காலம் இலை போட்டுச் சோறு கட்டியிருக்கிறார்கள்.

"ஐயோ பாவி நான், என் கையாலயே வச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முர்த்தினி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னும் மூச்சிருக்கு இபு! கத்தியை எடுங்க சீக்கிரம். முழங்கால் வலி தீர்ந்துச்சுன்னு ஒரு விருந்து வச்சிடலாம்."

"போடி அந்தப் பக்கம்!"

மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அது அடங்கிவிட்டது. முட்டையெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தன. வகியெம் வெட்கப்படாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பிறகு குழி வெட்டி, முட்டைகளையும் சேர்த்து, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள்.

மறுநாள் கால்நடை அதிகாரியம்மா நோட்டோடு வந்தாள். வீடு வீடாக ஒரே கேள்வி: நோயில் எத்தனை செத்தது?

"ஒண்ணுகூட இல்லம்மா, எல்லாம் விசேஷத்துக்கு அறுத்தது" என்றார் சுத்திக்னோ, நெஞ்சில் கையை வைத்து. பொய் என்று சொல்லிவிட முடியாதே! இருபத்துமூன்று வீட்டிலும் கேட்டு முடித்தபோது நோட்டில் ஒரே ஒரு சாவு இருந்தது. அதிகாரியம்மா வகியெமின் வாசற்கதவில் சிவப்புத் தாளை ஒட்டினாள்: நோய் கண்ட வீடு.

தாளை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. சுத்திக்னோ மனைவியோடு முன்வரிசையில் நின்றார்.

"ஒரு வீட்டால தெருப் பேரே கெட்டுப்போச்சு இபு. கொஞ்சம் சுத்தமா வச்சிருந்திருக்கலாம்."

"ஆமா பாக், என் வீட்லதான் செத்துச்சு" என்றாள் வகியெம். "நான் ஒப்பாரி வச்சு அழுதேன். உங்க வீட்ல அஞ்சு போச்சு. அழக்கூட வழியில்லாம, பேரனுக்குப் பல்லு முளைச்சுச்சுன்னு சிரிச்சுக்கிட்டே தின்னீங்களே, அதை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

சுத்திக்னோவின் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அறுத்தாங்களே எங்க கறுப்புச் சேவல், அது என் கையிலதான் தின்னும், இபு" என்றாள்.