ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவையான கஷ்டம்

எங்கள் சூப்பர்வைசரை நியாயம் கற்றுக்கொண்டு வரச் சொல்லிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் எங்களுடையது. நோயாளிகளுக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதம் கிடையாது. அதனால் மெஷின்களுக்கும் கிடையாது. ஆட்களுக்குத்தான் ஞாயிறு வேண்டும். ஆனால் பாதிப் பேருக்குத்தான் அன்றைக்கு லீவு. முன்பெல்லாம் சூப்பர்வைசர் தனக்கு வேண்டியவர்களுக்கு அதைக் கொடுப்பார், மற்றவர்கள் அவர் காதுபடவே திட்டுவார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பயிற்சி முடிந்து வந்தவர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார்.

"இனிமே யாருக்கு அதிகக் கஷ்டமோ அவங்களுக்குத்தான் ஞாயித்துக்கிழமை. கஷ்டத்துக்கு மார்க் போடுவேன். என் இஷ்டம்னு இதுல எதுவும் கிடையாது" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் பாய்லர் பக்கத்து அறையில் விசாரணை நடந்தது. பல்வலி என்று சொன்னவர் பிடுங்கிய பல்லைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். துணிவண்டி தள்ளுகிறவர் தன் மைத்துனனையே கூட்டிவந்து, "என் வீட்டுல உக்காந்து தின்னுட்டிருக்கான் சார்" என்று நிறுத்தினார். மைத்துனன் அடக்கமாகத் தலையாட்டினான். நல்ல மார்க் கிடைத்தது.

நான் இஸ்திரி மெஷினில் நிற்பவள். எனக்குச் சாட்சி சொல்ல என் மாமியாரே நேரில் வந்தார். காலையில் எழுந்ததிலிருந்து என்னை எப்படியெல்லாம் படுத்துகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "இது என்ன சார், போன வருஷம் பண்ணினதைக் கேளுங்க" என்று உற்சாகமாக ஆரம்பித்தவரை நான்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். அந்த ஞாயிறு நானும் அவரும் சேர்ந்து பூங்காவுக்குப் போனோம். "இதுக்கு இவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் பண்ணியிருப்பேனே" என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் மடிப்பண்ணன். விரிப்புகளை மடித்து அடுக்குவது அவர் வேலை, அதனால் வந்த பெயர். அவருடைய ஒரே மகள் வேறு ஊரில் பெரிய கடை ஒன்றில் வேலை பார்த்தாள், விடுதியில் தங்கியிருந்தாள். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. விடிகாலையில் பஸ் ஏறி மதியத்துக்குள் வருவாள், சாயங்காலமே திரும்பிவிடுவாள். அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்ள அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை.

முதல் விசாரணையில் மனுஷன் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"பொண்ணு வருது சார். பாத்தா சந்தோஷமா இருக்கும்."

"சரி. இதுல கஷ்டம் எங்க இருக்கு?"

"கஷ்டமெல்லாம் இல்ல சார்."

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கு உதவத்தான் பார்த்தார். "உங்க சம்சாரம் தவறிட்டாங்கல்ல, அதைச் சேக்க முடியுமான்னு பாக்கறேன்" என்று, தான் எழுதிய விதிகளையே யாரோ எழுதியதுபோலப் புரட்டினார். "மூணு வருஷம் தாண்டின துக்கம் செல்லாதாம். உங்களுது போன மாசத்தோட முடிஞ்சிருக்கு." பிறகு தயங்கித் தயங்கி, "சந்தோஷம் இருக்குன்னு வேற நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்குக் கொஞ்சம் கழிக்கணும்" என்றார்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து அண்ணனுக்குப் பாடம் எடுத்தோம். அழத் தெரியவில்லை என்றால் நொண்டவாவது செய்யுங்கள் என்றோம். நொண்டினார். உள்ளே போகும்போது வலது கால், வெளியே வரும்போது இடது கால். கேட்டால், ஒரே காலுக்குச் சிரமம் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியதாம். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மகள் விடாமல் வந்தாள். பின்பக்கக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், இவர் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கம் நின்று பேசுவார். "நான் மடிச்சுக்கறேன், நீங்க போங்கண்ணே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நான் மடித்த விரிப்பைப் பார்த்துவிட்டு அவர் நகரவே இல்லை. கடைசியில் ஒரு நாள் அவள், "அவ்வளவு தூரம் வந்தும் கம்பி வழியாத்தான் பாக்கறேன்பா. கடையில ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்றாங்க. சரின்னுட்டேன்" என்றாள். இவர் "நல்லதும்மா" என்றார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் விசாரணைக்கே போகவில்லை. சூப்பர்வைசர்தான் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏன் வரல?"

"இப்ப எனக்கு ஞாயித்துக்கிழமை தேவைப்படல சார். பொண்ணு வர்றதை நிறுத்திட்டா."

"அப்ப அன்னைக்கு வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்களா?"

"யாரும் இல்ல சார்."

சூப்பர்வைசர் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் பலகையில் எழுதினார். அதுவரை எங்களில் யாரும் வாங்காத மார்க். என் மாமியாரே தோற்றுப்போனார். "பாத்தீங்களா, இந்த மார்க் முறை யாரையும் கைவிடாது" என்று எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். சிலர் கைகூடத் தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மெஷினில் நின்றேன், அண்ணன் விடிகாலையில் பஸ் ஏறினார். திங்கட்கிழமை ஒரு பை நிறையச் சீப்புகளோடு வந்தார். எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார், வழுக்கைத் தலையோடு துணிவண்டி தள்ளுகிறவருக்கும் சேர்த்து.

"எதுக்குண்ணே இவ்வளவு?" என்றேன்.

"அவ நிக்கிற இடத்துல சீப்புதான் விக்கறாங்க. சாமான் வாங்கறவங்ககிட்ட மட்டும்தான் பேசணுமாம். ஒண்ணு வாங்குவேன், ரெண்டு வார்த்தை பேசுவேன், திரும்ப வரிசைக் கடைசியில போய் நின்னுக்குவேன்."

"நாள் பூராவா?"

"கடை சாத்தற வரைக்கும்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு வெளிச்சம். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் உள்ளே நுழைந்தார்.

"அண்ணே, முகத்தை மாத்துங்க. வர்றாரு" என்று கிசுகிசுத்தேன்.

அவர் மாற்றத்தான் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார், உதட்டைக் கடித்தார். செத்துப்போன மனைவியை நினைத்துப் பார்த்தாராம். எதை நினைத்தாலும், கடைசிச் சீப்பைக் கையில் கொடுத்துவிட்டு மகள் "அடுத்த வாரமும் வாப்பா" என்று சொன்னதுதான் வந்து முன்னால் நின்றதாம்.

சூப்பர்வைசர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, அது நன்றாகத் தெரிந்தது. பிறகு துணியை எடுத்துப் பலகையில் அண்ணனுக்கு எதிரே இருந்த மார்க்கை அழித்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவர் பெயரை எழுதினார்.