ஹார்லன்பர்க் மேயரின் மடி

மக்களாட்சியின் மாண்பை உலகுக்கு எடுத்துச் சொன்ன பதவிகளில் ஹார்லன்பர்க் நகர மேயர் பதவியும் ஒன்று. அது ஒரு நாற்காலியிலிருந்து தொடங்கியது. ஒஹாயோ மாநிலத்தில் அந்த ஊர் உருவான புதிதில் ஒரே ஒருவரிடம்தான் நாற்காலி இருந்தது. அவரையே மேயராக்கினார்கள்.

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பதவி போய்விடும். ஆகவே இரண்டாம் மேயர் அவர் மடியில் உட்கார்ந்தார். மூன்றாமவர் இரண்டாமவர் மடியில். ஊர் வளர்ந்தது, மேயர்களும் உயர்ந்தார்கள். கூரையை அவ்வப்போது தூக்கிக் கட்டினார்கள்.

பல் டாக்டர் கோமதிநாயகம் தேர்தலில் ஜெயித்ததும் அவரிடம் ஏணியைக் கொடுத்தார்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய ஒப்புதல்தான். மனைவி சொர்ணத்தின் அண்ணன் ஆவுடையப்பன், பாளையங்கோட்டையில் கவுன்சிலருக்கு நின்று நின்று தோற்றவர். உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் மாப்பிள்ளையை மேயர் என்று நம்புவேன் என்று சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவர் வீட்டு டிவி முன்னால் கூடியிருந்தார்கள். சொர்ணம் ஏணியடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கோமதிநாயகம் ஏறினார். ஒரு மேயர் ட்ராம் விட்டவர். அவர் மடியில், ட்ராமை நிறுத்தியவர். அதற்கு மேல், ட்ராமைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று ஜெயித்து கார் நிறுத்துமிடம் கட்டியவர். மதுவிலக்குக் கால மேயர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஆலை என்றைக்கும் மூடாது என்று வாக்குக் கொடுத்தவர் அந்தப் பேச்சை இன்னும் முடிக்கவில்லை. ஒருவர் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர்.

எல்லோரும் திருநெல்வேலித் தமிழில்தான் பேசினார்கள். பதவியேற்பு நாளில் அதுதான் விதி.

உச்சியில் முந்தைய மேயர் டோரதி அம்மையார் இருந்தார். பாவாடையை நீவிவிட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க," என்றார்.

கோமதிநாயகம் ஏணியிலேயே நின்றுவிட்டார். மடி காலியாகத்தான் இருந்தது. ஆனால் டிவி முன்னால் மாமியார் இருந்தார்.

"அவுகளுக்கு எழுவது வயசு. சும்மா உக்காருங்க," என்றாள் சொர்ணம்.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டதாகத் தகவல் வந்தது. கூரை மெல்ல இறங்கத் தொடங்கியது. அது அம்மையாரின் கொண்டையைத் தொட்டுவிட்டால் தேர்தல் செல்லாது என்று நகராட்சி எழுத்தர் வெர்னன் கீழிருந்து பணிவாகத் தெரிவித்தார்.

"என்ன மாப்ள, நின்னுக்கிட்டே மேயரா?" என்றது போன்.

முகம் துடைக்கச் சொர்ணம் கொடுத்த துண்டு அவர் தோளில் கிடந்தது. அவருடைய கை பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பழகிய கை. அவரைக் கேட்காமலே துண்டை உருவி, பஸ் ஜன்னல் வழியாகப் போடுவது போலப் போட்டது. துண்டு அம்மையார் மடியில் விரிந்து விழுந்தது.

கூரை நின்றது. வெர்னன் உறுதிமொழியை வாசித்தார். துண்டு ஒரு முனையை உயர்த்தியது. மேயர்கள் மொத்தமாகக் கைதட்டியதில் அடுக்கே ஆடியது.

துண்டு மேயர் என்றால் தான் யார் என்று கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தார். போனில் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"துண்டு மாப்ளையோடதுதான? அப்ப எடமும் அவருக்குத்தான். இதுல யாரு என்ன பேச முடியும்?"

பாளையங்கோட்டையில் குலவை எழுந்தது. மாமியார் கண்ணைத் திறந்தார். கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துண்டு எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும், போனைக் கிட்டே கொண்டுவா என்று சொர்ணத்திடம் சொன்னார். அவள் ஏணியில் ஏறிக் காட்டினாள்.

நன்றாகத் தெரிந்தது. குலவை நின்றது.

"மாப்ள," என்றார் ஆவுடையப்பன் நிதானமாக, "இது நாம குத்தாலத்துல தங்குன லாட்ஜ் பேருல்லா?"

அந்த லாட்ஜில் அறைக்கு இரண்டு துண்டு கொடுப்பார்கள். இன்னொன்று டாக்டர் வீட்டுக் குளியலறையில் காய்ந்துகொண்டிருந்தது.