காப்புக்கயிறும் யானைத் துப்பாக்கியும்

சுகுமாறனுக்கு அந்தத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக் கொள்ளை ஆசை. சுடத்தான் பயம். அந்தப் பயத்தை மட்டும் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் மனைவி குமுதவல்லிக்கு வந்த வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

மலேசியாவில் கோலா சாவா பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டம். இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சுகுமாறனின் வேலை. அந்த வேலைக்காகத்தான் குடியிருக்க வீடு கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டின் பின்புறத்தில் அடுப்புப் போட்டு, பழம் வெட்டும் ஆட்களுக்கு மதியச் சோறு சமைத்துக் கொடுத்துவந்தாள் குமுதவல்லி. காசு சொந்தக் கையில் புரண்டது, யாரிடமும் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்கு அந்த வீடு என்பது வெறும் வீடு அல்ல.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தவரை ஒரு குறையும் இல்லை. பன்றிக்குக் கிட்டத்தில் போய் நின்று சுடுவான், விழும். ஊரைவிட்டுப் போன ஒரு பழைய தோட்டத் துரையிடமிருந்து இந்தப் பெரிய ரைபிள் கைமாறி வந்ததும்தான் சனியன் பிடித்தது. போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்து பெர்மிட் வாங்கினான். தோட்டா ஒவ்வொன்றும் அவளுடைய நடுவிரல் நீளம். குமுதவல்லியின் அண்ணன் புவனேஸ்வரன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தெமியாங்கில் இருப்பவர், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பன்னிக்கு எதுக்கு மாப்ள யானைத் துப்பாக்கி? இது உங்களத்தான் முதல்ல சுடும் லா," என்றார். ஆனாலும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கொண்டுபோய், குறி பார்க்கும் ஸ்கோப்பைத் தன் கையாலேயே நேராக்கிக் கொடுத்தார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. முதல் நாளே கட்டை தோளில் உதைத்த உதையில் வலது தோள் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போனது. அடுத்த முறை விசையைத் தொடும்போதே சுகுமாறனுக்குக் கண் மூடிக்கொண்டது. அதற்கடுத்த முறை தோட்டா எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. காற்று, ஈரம், தோட்டா கம்பெனி, ஸ்கோப் கண்ணாடி என்று ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டான், தன் தோளைத் தவிர.

ஆயுத பூஜை வந்தது. சுகுமாறனின் அக்கா பஞ்சாலை அந்த ரைபிளை முனீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துவரச் சொல்லி, சாமி காலடியில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசாரி கொடுத்த மஞ்சள் காப்புக்கயிற்றைக் குழாயையும் கட்டையையும் சேர்த்துப் பல சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தாள். "தானா விழுற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. என் தம்பி குறி இனிமே தப்பாது," என்றாள். அதற்குப் பிறகுதான் சுகுமாறன் ஒரு பன்றியின் தொடையில் சுட்டான். அது தொழிலாளர் லயத்துக்குள் ஓடி, பழம் வெட்டும் நல்லசாமியின் மோட்டார் சைக்கிளைக் குத்திக் கவிழ்த்து, பள்ளிக்கூட வேனுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் நடுவே பாய்ந்து போனது. சாமி புண்ணியத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் ஹேமநாதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சனிக்கிழமை பழைய கல்குவாரியில எனக்கு முன்னால சுட்டுக் காட்டுங்க. காகிதத் தட்டு ஒண்ணு வைப்பேன். மூணு சூடும் தட்டுக்குள்ள விழணும். இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்கிறேன். அவருக்கு வீடு வேணும், நீங்க காலி பண்ணணும்," என்றார். நீலாயில் அடுக்குமாடி வீடு ஒன்று வாடகைக்கு இருப்பதாகவும் சொல்லி வைத்தார். அந்த வீட்டுக் குசினியில் குமுதவல்லியின் சோற்றுப் பானையை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது.

அவள் அண்ணனுக்கு போன் போட்டாள். புவனேஸ்வரன் மறுநாளே குவாரிக்கு வந்தார். துப்பாக்கியை அவரே வாங்கித் திரும்பி நின்று, ஒரு முறை உண்மைத் தோட்டாவையும் ஒரு முறை மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவையும் போட்டு, எது என்று சொல்லாமல் சுகுமாறன் கையில் கொடுத்தார். சுகுமாறன் மூச்சைப் பிடித்துக் குறி பார்த்து விசையை இழுத்தான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெடிக்கவே இல்லை. ஆனால் துப்பாக்கி முனை சாமிக்குக் கும்பிடு போடுவதுபோல் ஒரு முழம் தரையைப் பார்த்துக் குனிந்தது.

"பாத்தீங்களா? உதைக்கவே இல்ல. அதுக்குள்ள நீங்களே அத அமுக்கிட்டீங்க," என்றார் புவனேஸ்வரன்.

"கை வழுக்கிடிச்சு மச்சான்."

"வழுக்கல லா, பயம்."

"எனக்கென்ன பயம்?"

குமுதவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆளின் வாயிலிருந்து 'ஆமாம், என் தப்புதான்' என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. குழம்பில் உப்பு அதிகமானால் உப்புக் கம்பெனியைத் திட்டுகிற ஆள் அவன்.

ஆனால் புவனேஸ்வரன் விடவில்லை. கட்டையைத் தோள்குழிக்குள் இறுக்கி வைக்கச் சொன்னார். இடைவெளி விட்டால் உதை இரண்டு மடங்கு, ஒட்டி வைத்தால் உடம்பே வாங்கிக்கொள்ளும் என்றார். காலை அகட்டி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நிற்க வைத்தார். விசையை வெடுக்கென்று இழுக்காமல் பாலாடையை விலக்குகிற மாதிரி மெதுவாக அழுத்தச் சொன்னார். வெற்றுத் தோட்டாவைப் போட்டு வியாழக்கிழமை வரை அழுத்த வைத்ததில் முனை குனிவது நின்றுபோனது. பிறகு உண்மைத் தோட்டா. மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. விழுந்தது தட்டுக்கு இடப்புறம், ஒரு கை அகலம் தள்ளி.

புவனேஸ்வரன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே பஞ்சாலையின் முடிச்சு ஆப்பு அடித்த மாதிரி இறங்கி, குழாயை ஒரு பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கயித்த அறுத்துட்டா நேராப் போகும்," என்றார்.

"அத மட்டும் சொல்லாதீங்க மச்சான். அக்கா கட்டுனது."

"அக்கா கட்டுனதால வீடு போகப் போவுது."

"சாமி கட்டுனது."

குமுதவல்லி நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பஞ்சாலை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, நீங்களே வந்து அவுத்துடுங்க. சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்," என்று எவ்வளவோ கெஞ்சினாள். பஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சந்நிதியில கட்டுனத மனுசக் கை அவுக்கக் கூடாது குமுதா. நேரம் வந்தா அதுவா விழும்," என்றாள். கண்ணீர் வெங்காயத்தினால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகுமாறன் துப்பாக்கியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். குமுதவல்லி கீரை அரியும் கத்தியை எடுத்தாள். முழுதாக அறுத்தால் மாட்டிக்கொள்வாள். அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பாதி வரைக்கும் அறுத்தாள். நாளைக்கு மேனேஜர் வருவதற்கு முன் பழக்கத்துக்கு இரண்டு சூடு சுடுவான், அந்த உதையில் கயிறு தானாக விழும், துப்பாக்கி நேராகிவிடும், சாமி பேரும் கெடாது, வீடும் போகாது. தன் மூளையை அவளே மெச்சிக்கொண்டாள். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

சனிக்கிழமை மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே குவாரியில் வந்து நின்றார். "பழக்கமெல்லாம் வேணாம், மில்லுல எனக்கு மீட்டிங் இருக்கு. ஆரம்பிங்க," என்றார். பழக்கச் சூடு இல்லையென்றால் குமுதவல்லி போட்ட கணக்கும் இல்லை. பஞ்சாலை வேறு விபூதியும் கையுமாக வந்து நின்றிருந்தாள்.

முதல் சூடு. தட்டின் நட்ட நடுவில் ஓட்டை. கயிறு அப்படியே இருந்தது. குமுதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. கயிறு இருந்தால் இடப்புறம் அல்லவா போக வேண்டும். பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"மாப்ள அறுக்க விடல. நேத்து மத்தியானம் நீ சோறு குடுக்கப் போயிருந்தப்ப வந்து, கயித்துக்குத் தகுந்த மாதிரி ஸ்கோப்ப வலப்பக்கம் திருப்பிட்டேன்," என்று அவள் காதில் சொன்னார் புவனேஸ்வரன்.

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

இரண்டாவது சூடும் நடுவில்தான் விழுந்தது. அந்த உதையில் மஞ்சள் கயிறு அறுந்து சுகுமாறனின் காலடியில் விழுந்தது. பஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். சுகுமாறனின் முகம் பூரித்துப்போனது. குமுதவல்லி வாயைத் திறப்பதற்குள் மூன்றாவதையும் சுட்டுவிட்டான். அது தட்டுக்கு வலப்புறம், ஒரு கை அகலம் தள்ளிப் பாறையில் பட்டுத் தெறித்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புவனேஸ்வரன் முன்னால் போய், "சார், கயிறு போனதாலதான். ஸ்கோப்ப பழைய இடத்துக்குத் திருப்பிடுறேன், இன்னொரு மூணு குடுங்க," என்று கேட்டார். மேனேஜர் யோசித்துவிட்டு, "சரி, கடைசி," என்றார்.

சுகுமாறன் துப்பாக்கியைக் கொடுக்க மறுத்தான். "சாமியே கட்ட அவுத்துட்டாரு மச்சான். இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. இப்படியேதான் சுடுவேன்."

"இப்படியே சுட்டா மூணும் பாறையில போகும்."

"போகாது. சாமி இருக்காரு."

"சொல்றதக் கேளுங்க," என்றாள் குமுதவல்லி.

"நீ பேசாம இரு. உனக்கு இதுல என்ன தெரியும்?"

அவளுக்குப் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. இத்தனை நாள் இந்த ஆளுக்காக அண்ணனிடம் கெஞ்சி, நாத்தனாரிடம் கெஞ்சி, சாமியிடம் கெஞ்சி, கடைசியில் திருட்டுத்தனமும் செய்தாயிற்று. இவனோ சாமியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைக் கோட்டைவிடப் பார்க்கிறான்.

"சாமி அவுக்கல. நான் அறுத்தேன்," என்றாள்.

பஞ்சாலையின் கையிலிருந்து விபூதி கொட்டியது. "அடிப்பாவி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இனி நாத்தனார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று குமுதவல்லிக்குத் தெரிந்தது. சுகுமாறன் கீழே கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தான். பாதி நூல் பிசிறாகவும் பாதி சீராக வெட்டுப்பட்டும் இருந்தது. துப்பாக்கியை மச்சான் கையில் கொடுத்தான். புவனேஸ்வரன் ஸ்கோப்பை 'டக், டக்' என்று திருப்பிக் கொடுத்தார்.

சுகுமாறன் கட்டையைத் தோளில் இறுக்கினான். முகம் சிவந்து, தாடை துடித்தது. அவன் இப்போது உதையை நினைக்கவில்லை, அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அது குமுதவல்லிக்கு நன்றாகவே தெரிந்தது. மூன்று முறை குவாரி அதிர்ந்தது. முனை ஒரு முறைகூடக் குனியவில்லை.

மேனேஜர் தட்டைப் பிடுங்கி எடுத்து வந்தார். மூன்று ஓட்டைகளையும் ஓர் ஐம்பது காசால் மூடிவிடலாம். "நாளையிலருந்து வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். புவனேஸ்வரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிகரெட் பற்றவைக்கிற சாக்கில் ஒதுங்கினார்.

சுகுமாறன் துப்பாக்கியை உறையில் போட்டான். ஜிப்பை இழுத்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. திட்டட்டும், அடிக்கக்கூட ஓங்கட்டும், எதுவாயிருந்தாலும் அந்த வீட்டுக்குள் வைத்துத்தானே என்று அவள் நின்றாள்.

"எதால அறுத்த?" என்றான் கடைசியில்.

"கீரை அரியுற கத்தியால."

"அறுத்ததுதான் அறுத்த," என்றான் சுகுமாறன் எரிச்சலோடு, "முழுசா அறுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?"