வீட்டுக்கு ஒருவர்

அந்த வட்டத்தில் மனம் சரியில்லாமல் போவதற்கு வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. யாருக்கு முதலில் வந்ததோ அவருக்கு வட்டாட்சியர் அலுவலகம் சான்று கொடுக்கும். சான்று இருந்தால்தான் வியாழக்கிழமைகளில் மாவட்ட மருத்துவமனையின் பதினான்காம் எண் அறைக்குள் போக முடியும். முதல் பட்டதாரிச் சான்றுக்கும் ஏறக்குறைய இதே நடைமுறை என்பதால் மோனிஷாவுக்கு வழி தெரிந்திருந்தது.

அவளுடைய கூரை மாசி மாதம் இறங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் இந்த நோய் அப்படித்தான் வரும். தலைக்கு மேல் ஒரு கூரை உண்டாகி, வாரத்துக்கு ஓர் அங்குலம் கீழே வரும். போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும். பேருந்து நிலையத்தில் திறந்த வானத்தின் கீழும் அவள் குனிந்தே நின்றாள். மற்றவர்களுக்கு அது இடிப்பதில்லை. அவள் தலைமுடியில் உதிர்ந்த சுண்ணாம்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

"நிமிந்து நடடி, நாலு பேரு பாக்குறாங்க" என்பாள் அம்மா.

இரண்டடிக்குக் கீழே போனால் மூச்சுக்கு இடமிருக்காது. மோனிஷா கணிதம் படித்தவள். கணக்குப் போட்டுப் பார்த்தாள். மார்கழிக்கு மேல் தாங்காது.

விண்ணப்பத்தில் முப்பத்தொரு கட்டங்கள் இருந்தன. படிக்காத வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிவம் நிரப்ப வருகிறவர்கள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவதில்லை. இருபத்தாறாவது கட்டம், 'வீட்டில் வேறு எவரேனும் குனிந்து நடக்கின்றனரா?' என்று கேட்டது. அதில் அவள் முத்து முத்தான கையெழுத்தில், 'ஆம். தந்தை. அரிசி ஆலையில் மூட்டை தூக்குவதால்' என்று எழுதினாள்.

அதனால் கிராம நிர்வாக அலுவலர் அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தார். மோனிஷாவின் தலைக்கு மேல் நாடாவைப் பிடித்தார். நான்கடி ஒன்பது அங்குலம். ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த அவள் அப்பா காத்தமுத்துவின் தலைக்கு மேலும் பிடித்தார். நான்கடி ஓர் அங்குலம்.

"இது மூட்டைக் கூன் இல்லம்மா. கூரைதான். பழசு. மூட்டை தூக்குற தலை இத்தன வருசம் இறங்க விடாம தாங்கியிருக்கு. முதல் ஆள் அப்பாதான்."

"சார், அவரு ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர மாட்டாரு. எனக்கு மாத்திக் குடுங்க."

"மாத்த முடியாது. நீதானே எழுதியிருக்க?"

எட்டு வாரம் கழித்துச் சான்று காத்தமுத்துவின் பெயருக்கு வந்தது. வியாழக்கிழமை இருவரும் போனார்கள். பதினான்காம் அறையின் வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"எனக்கு என்ன கேடு? நீ போ பாப்பா."

மோனிஷா போய் உட்கார்ந்தாள். மருத்துவர் சான்றைப் படித்தார்.

"காத்தமுத்து. வயது ஐம்பத்து மூணு. எப்ப ஆரம்பிச்சது?"

அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து அப்பாவிடம் கேட்டாள். அவர் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். எட்டு நாள் இருந்தான். அவனப் பொதச்சிட்டு அன்னிக்கே ஷிப்டுக்குப் போனேன்."

மோனிஷா உள்ளே போய் அதைச் சொன்னாள். சொல்லும்போது காத்தமுத்துவுக்காக அழுதாள். மருத்துவர் குறித்துக்கொண்டு மாத்திரை எழுதினார். வாசலில் அப்பாவின் கூரை அரை அங்குலம் ஏறியது.

பன்னிரண்டு வியாழக்கிழமைகள் இப்படிப் போயின. காத்தமுத்துவின் மாத்திரைகளை அவள் விழுங்கினாள். காத்தமுத்துவின் கோபங்களை மேசையில் குத்திச் சொன்னாள். நல்ல மருத்துவர் அவர். பொறுமையாகக் கேட்டார், ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. பன்னிரண்டாவது வாரம் காத்தமுத்து ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு நிமிர்ந்து, தெருவில் எதிரே வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தார். மோனிஷா அவருக்குப் பின்னால் தவழ்ந்து வந்தாள்.

குணமானால் உரிமை அடுத்தவருக்கு மாறும் என்று விதி இருந்தது. அலுவலர் மறுபடி வந்தார். மூன்றடி ஓர் அங்குலம்.

"வட்டாட்சியருக்கு அனுப்பறேன். எட்டு வாரம் ஆகும்."

"எட்டு வாரத்துல ரெண்டடி அஞ்சு அங்குலம் சார்" என்றாள் தரையிலிருந்து. அவள் குரல் கிழிந்திருந்தது. "அதுக்கப்புறம் எனக்கு அஞ்சே வாரந்தான். மூணு மாசமா அந்த நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தேன். ஒரு நாளாவது எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாங்களா? செத்ததுக்கப்புறம் சான்ற எம் படத்துக்கு மாட்டுவீங்களா?"

"கோவப்படாதம்மா. கோவத்துக்கு வேற படிவம்."

காத்தமுத்து தோளிலிருந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். மகளுடைய கூரைக்குள் குனிந்து நுழைந்து, நூறு கிலோ மூட்டையைத் தூக்குவதுபோல் முட்டி கொடுத்து எழுந்தார். கூரை சுமந்து பழகிய தலைக்கு அது தட்டுப்பட்டது. சுண்ணாம்பு கொட்டியது. மோனிஷா எழுந்து நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் கழுத்து சொடுக்கியது.

அலுவலர் நாடாவைப் பிடித்தார். ஐந்தடி ஏழு அங்குலம். பேனாவைத் திறந்து எழுதினார்: 'மனுதாரரின் கூரை போதிய உயரத்தில் உள்ளது. வீட்டில் தூக்கத் தகுதியுடைய நபர் இருப்பதால் சிகிச்சை தேவையில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.'

மோனிஷா அதை இரண்டு முறை படித்தாள்.

"அந்த இன்னொரு படிவத்தக் குடுங்க."

"கோவத்துக்கா? அது ஊருக்கே ஒருத்தருக்குத்தான்" என்றபடி அவர் பையின் அடியில் துழாவினார். "இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்ல."

மஞ்சளேறிய அந்தப் படிவத்தில் நூற்றுப் பத்துக் கட்டங்கள் இருந்தன. காத்தமுத்துவின் கால்கள் நடுங்கத் தொடங்கின.

"முடியுமாப்பா?"

"நான் புடிச்சிக்கிறேன். நீ எழுது."

அவள் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.