ஒன்பதாம் வகுப்புத் தாவணி

மடத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் தாவணி. அரக்குப் பாவாடை, வெள்ளை ஜாக்கெட், சந்தன நிறத் தாவணி, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு. திருநீறு பூச மறந்து வந்தால் வாசலில் கிண்ணம் இருக்கும், எடுத்துப் பூசிக்கொள்ளலாம். தாவணி இல்லாமல் வந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எழில், கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்து படித்தாள். கணக்கில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் சேர வேண்டும் என்று அவளே அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூனில் ஒன்பதாவதுக்குப் போனபோது அவள் இன்னும் வயசுக்கு வரவில்லை. பள்ளிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஊருக்கு அதுதான் பொருட்டு. அங்கே ஒரு பெண்ணின் முதல் தாவணியைத் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். பச்சை ஓலையில் அவன் குடிசை கட்ட, அதில் உட்கார்ந்து எழுந்து, மஞ்சள் நீராடிய பிறகே அவள் அதை உடுத்தலாம்.

அம்மா தனம் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்து பாவாடை சட்டையில் கிளம்புவது. ஜாக்கெட்டும் தாவணியும் பையில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த பாழடைந்த மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்வது. சில வாரம் அது நடந்தது. ஒருநாள் தையல் டீச்சர் பார்த்துவிட்டார்.

தலைமையாசிரியை ஜோதியம்மாள் எழிலின் அப்பா வேணுவை வரச் சொன்னார். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவன் கைகால் கழுவிக்கொண்டு அப்படியே வந்தான். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். ஜோதியம்மாள் கடுமையான பெண் அல்ல. முன்பெல்லாம் வயசுக்கு வந்தவர்கள் மட்டும் தாவணி கட்டினார்கள். ஒருத்தி பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறி வரும் நாளில் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அதை நிறுத்தத்தான் அவர் மடத்தில் சொல்லி எல்லாருக்கும் ஒரே உடை என்று ஆக்கினார்.

"யார் பெரியவளானா, யார் ஆகலைன்னு ஊர் எதுக்குங்க பாக்கணும்? இங்க எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்," என்றார். "வீட்லேர்ந்தே கட்டிக்கிட்டு வரட்டும். மடத்துப் பிள்ளை தெருவுல நின்னு துணி மாத்தலாமா?"

வேணுவுக்கு அதில் ஒரு குற்றமும் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் மட்டும் பாவாடை சட்டையில் வரட்டுமே என்று கேட்டுப் பார்த்தான். ஒருத்திக்கு விட்டால் பழைய கதைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எழில் தாவணியோடு ஊரில் பஸ் ஏறினாள்.

தனத்தின் அண்ணன் சடையன் அதே ஊர்க்காரன். அவன் மகன் சுரேஷ்குமார் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டினான். எழில் பிறந்த அன்றே அவனுக்கென்று பேசி வைத்ததாகச் சடையன் சொல்வான். அன்று டீக்கடையில் அவனைக் கேட்டார்கள்: "ஏம்பா சடையா, உன் தங்கச்சி பொண்ணு தாவணில போவுதே, குடிசை கட்ட உனக்கு ஓலை கெடைக்கலியா?"

சடையன் பாதி டீயை வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தான். தனம் நடந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூட டிரெஸ் என்றாள். எந்தப் பள்ளிக்கூடத்திலாவது சின்னப் பிள்ளைக்குத் தாவணி கட்டுவார்களா என்று கேட்டான். சாமியார் நடத்துகிற பள்ளி, சாஸ்திரம் தெரியாமலா சொல்லுவார்கள் என்றும் கேட்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சீர் வாங்கினால் பெண் கொடுக்க வேண்டிவரும் என்று தங்கை மறைக்கிறாள். ஊரிலும் அப்படியே சொல்லி வைத்தான்.

ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக் கூழ் ஊற்றினார்கள். தனம் கொண்டுபோன கூழ்ப்பானையைப் பூசாரி வேடியப்பன் தொடவில்லை. தீட்டை மறைத்த வீட்டுக் கூழை அண்டாவில் ஊற்றினால் ஊருக்கு அம்மை போடும் என்றார். தனம் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யப் போனாள். சடையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம்மே. நீ அணைச்சுட்டா நான் பொய்யனாயிடுவேன். சீர் தட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

அவள் பானையைத் திரும்பத் தூக்கி வந்தாள். மறுநாள் களைக்கு வர ஒத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் வரவில்லை.

வேணு கடைசியில் ஒரு கணக்குப் போட்டான். சடங்கு செய்துவிட்டால் ஊர் வாயும் மூடும், சடையன் கோபமும் ஆறும், பெண் தாவணியில் பள்ளிக்குப் போகலாம். ஒருநாள் பொய்தானே. சடையனிடம் போய், சடங்கு வைக்கலாம் என்றான். படிப்பை மட்டும் தடுக்கக்கூடாது என்று கேட்டான். சடையன் தலையை ஆட்டினான்.

எழிலிடம் தனம் சொன்னபோது, அவள் கேட்டது, "எத்தினி நாளும்மா லீவு போடணும்? பரிட்சை வருது."

குடிசையில் அவளை உட்கார வைத்தார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். பார்க்க வந்த கிழவிகள் கன்னத்தைக் கிள்ளி, கள்ளி, எப்படி மறைத்து வைத்திருந்தாள் பார் என்று சிரித்தார்கள். வெளியே ரேடியோ செட் பாடியது. சடையன் மேளத்தோடு சீர் கொண்டுவந்தான். ஊதா நிறப் பட்டுத் தாவணி. சாப்பாட்டுக்கு ஊரே வந்தது. வேடியப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

பந்தி முடிந்ததும் சடையன் பெரியவர்கள் முன்னால் வெற்றிலைத் தட்டை வைத்தான். தையில் பரிசம் என்றான். இனி பஸ்ஸில் போக வேண்டாம் என்றான்.

"படிக்க உடறேன்னு தலையாட்டுனியே, மச்சான்," என்றான் வேணு.

"அப்ப அது கொழந்த. இப்ப ஊரறிய பெரிய மனுசி. நீதான சோறு போட்டு சொன்ன?"

அவள் இன்னும் குழந்தைதான் என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேணு வாயைத் திறந்தான். கை கழுவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

கார்த்திகையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனான். தீபத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஜோதியம்மாளுக்கு வருத்தம். இப்படிக் கணக்குப் போடுகிற பெண்ணை நிறுத்தலாமா என்றார். பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வெகுநேரம் சொன்னார். வேணு, "இன்னும் அது வயசுக்கே வரலீங்கம்மா," என்றான்.

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "பத்திரிகை அடிச்சு சடங்கு பண்ணிட்டீங்கன்னு உங்க ஊர்ப் பிள்ளைங்க சொல்லுதுங்க. எங்கிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க? விசேஷம்னு சொல்லியிருந்தா நானே லீவு குடுத்திருப்பனே."

தையில் பரிசம் போட்டார்கள். கல்யாணம் வைகாசிக்கு என்று பேச்சு.

மாசியில் ஒருநாள் மல்லாட்டைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த எழில், அம்மாவை வரப்புக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டாள். தனம் பார்த்தாள். அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பருத்தித் துணி வேண்டியிருந்தது. கொடியில் கிடந்த சந்தன நிறத் தாவணியை எடுத்து நீளவாக்கில் கிழித்தாள்.

"யாருக்கும் சொல்லிடாதடி," என்றாள்.

"யாருக்கும்மா சொல்றது?" என்றாள் எழில். "எல்லாரும்தான் சாப்ட்டுட்டுப் போயிட்டாங்களே."